பத்து என்றேன், பத்து என்ன என்று சொல்லவில்லை

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். அடுத்த மாதம் மனைவியும் ஒரு வயதுக் குழந்தையுமாக மிச்சிகன் வருகிறீர்கள், டெட்ராய்ட் பக்கம் கார் கம்பெனி வேலை. மைல், பவுண்டு, ஃபாரன்ஹீட் எல்லாம் பழக எத்தனை நாள் ஆகும், உலகமே மெட்ரிக்கில் ஓடும்போது இவர்களுக்கு மட்டும் என்ன கேடு, அப்புறம் குக்கர் மிக்ஸி கொண்டு வரலாமா, எந்த வங்கியில் கணக்கு, எந்த ஊரில் வாடகை குறைவு என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். வங்கிக்கும் வாடகைக்கும் பதில் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள், ஆளுக்கொரு ஊரைச் சொல்வார்கள், எல்லாமே அவரவர் குடியிருக்கும் ஊராக இருக்கும். நான் அளவு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

நீங்கள் இன்னும் விமானமே ஏறவில்லை, அதற்குள் பவுண்டு உங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது, கவனித்தீர்களா? பெட்டிக்கு 23 கிலோ என்று டிக்கெட்டில் போட்டிருக்கும். அதென்ன கணக்கு 23? இருபது, இருபத்தைந்து என்று வைக்கத் தெரியாதா? 50 பவுண்டைக் கிலோவாக்கினால் 22.68, அதை முழுசாக்கி 23. நான் 1999 ஜனவரியில் வந்தபோது பெட்டிக்கு 32 கிலோ விட்டார்கள், அது 70 பவுண்டு. அந்தத் தாராளம் இருந்ததால்தான் அப்பா என் துணிகளுக்கு நடுவே நான்கு கிலோவுக்கு ஒரு ஸ்பேனர் செட்டைச் சுருட்டி வைத்தார். கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தவர். கார் கம்பெனிக்குப் போகிறவன் கையில் ஸ்பேனர் இல்லாமல் போவது அவருக்கு மானக்கேடு.

வந்து மூன்றாவது வாரம், ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவரிடம் 1,800 டாலருக்குப் பத்து வயதான அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கினேன். ஒருநாள் காலை ஸ்டார்ட் ஆகவில்லை. திறந்து பார்த்தால் பேட்டரி முனையில் பச்சையாகப் பூத்திருந்தது. கழற்றித் துடைத்து மாட்ட வேண்டியதுதானே, இதற்கு ஒரு மெக்கானிக்கா என்று அப்பாவின் 12-13 ஸ்பேனரோடு இறங்கினேன். 13 முனை நட்டில் உட்கார்ந்தது, ஆனால் லேசாக ஆடியது. கையுறையைக் கழற்றிவிட்டு ஓர் அழுத்து அழுத்தினேன், சறுக்கியது. இன்னொன்று, மறுபடி சறுக்கியது. மூன்றாவது தடவை ஸ்பேனர் சுற்றிக்கொண்டு வந்து விரல் முட்டி இரும்பில் இடித்தது, பார்த்தால் நட்டின் ஆறு முனையும் மழுங்கிக் கிட்டத்தட்ட வட்டமாகியிருந்தது. அது அரை இஞ்ச் நட்டு. அதாவது 12.7 மில்லிமீட்டர். என் ஸ்பேனர் 13. வித்தியாசம் 0.3 மில்லிமீட்டர், நாலைந்து தலைமுடியைச் சேர்த்து வைத்த கனம். ஒரேயடியாகப் பொருந்தாமல் போயிருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன். 19 ஸ்பேனரும் முக்கால் இஞ்சும் கிட்டத்தட்ட ஒன்றேதான், ஒன்றும் ஆகாது. இந்த 13ம் 10ம்தான் உள்ளே போவது போலப் போய் நட்டைத் தின்னும். கீழ் வீட்டுக் கிழவர், பட்டறையில் அச்சு செய்யும் டை மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், கவ்விப் பிடித்துக்கொள்ளும் பிளையர் ஒன்றோடு வந்து கழற்றிக் கொடுத்தார். அப்பாவின் ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல எஃகு, தப்பான ஊர் என்றார்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. மைலும் கேலனும் வித்தியாசமாக இருப்பதால் உங்களுக்குப் பெரிய கஷ்டம் ஒன்றும் வராது. ஒரு வாரம் முழிப்பீர்கள், பழகிவிடும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று போலத் தெரியும் இடத்தில்தான் அடி விழும், அலகைச் சொல்லாமல் வெறும் எண்ணைச் சொல்லும் இடத்தில்தான் பெரிய அடி விழும்.

வெயில் குளிரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபாரன்ஹீட் நமக்குப் புதுசு என்று நினைப்பது பொய். ஏப்ரல் மே மாதம் ஆனால் நம் பத்திரிகைகளில் ‘வெயில் சதமடித்தது’ என்று போடுகிறார்களே, அது எந்தச் சதம்? செல்சியஸில் சதமடித்தால் குளத்துத் தண்ணீர் கொதிக்கும். காய்ச்சலையும் நூற்றிரண்டு, நூற்றிமூன்று என்றுதான் சொல்கிறோம். நமக்கு 98க்கு மேலே நன்றாகத் தெரியும், 60க்குக் கீழேதான் ஒன்றும் தெரியாது. முதல் வாரம் ரேடியோவில் இன்று இருபது என்றான். இருபதா, ஊட்டி மாதிரி இருக்கும் என்று ஸ்வெட்டரோடு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். அது செல்சியஸில் மைனஸ் 7. காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாலும் தெரியவில்லை. இவ்வளவு வைத்துக்கொள்ளுங்கள்: 32ல் தண்ணீர் உறையும், 50 என்றால் ஜாக்கெட், 70 என்றால் வீட்டுக்குள் சுகம், 86 என்றால் நம் 30. அதற்கு மேலே உங்களுக்கே தெரியும்.

கணக்குப் போட்டு மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள், இது முக்கியம். 32ஐக் கழித்து 5ஆல் பெருக்கி 9ஆல் வகுத்து என்று ஒரு கூட்டம் இருக்கிறது, பஸ் போய்விடும். டாலரை ரூபாயாக்கிப் பார்க்கும் வியாதியும் இதே வியாதிதான். என்னோடு அறை எடுத்துத் தங்கிய ஒருவர், பெயர் வேண்டாம், ஒரு காபிக்கு எத்தனை ரூபாய் என்று கணக்குப் பார்த்து இரண்டு வருஷம் வெளியே காபியே குடிக்காமல் ஊருக்குப் போனார், போனவர் முதல் வேலையாக அங்கே அதைவிட அதிகம் கொடுத்துக் காபி குடித்ததாகக் கேள்வி. மைலைக் கிலோமீட்டராக்காதீர்கள். நெடுஞ்சாலையில் நிமிஷத்துக்கு ஒரு மைல், கொஞ்சம் கூட. 40 மைல் என்றால் 40 நிமிஷம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்தது. இந்த வசதி கிலோமீட்டரில் கிடையாது, இதை நான் மெட்ரிக் பக்தனாக இருந்துகொண்டே சொல்கிறேன். பவுண்டு என்றால் அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல், 454 கிராம். பால் கேலன் என்றால் நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைச்சல். பெட்ரோலுக்கு இங்கே கேலனுக்கு எத்தனை மைல் என்பார்கள், நம் ஊர் லிட்டருக்கு 15 என்பது இங்கே 35. போதும்.

ஊருக்குப் பேசும்போது மட்டும் ஜாக்கிரதை. என் மாமியாரிடம் ஃபோனில் கோழிக்கறி ஒரு பவுண்டு ஒரு டாலர்தான் அத்தை என்று பெருமையாகச் சொன்னேன். லைனில் இரைச்சல். ஒரு பவுன் ஒரு டாலரா, அப்படியென்றால் வரும்போது பத்து பவுன் வாங்கிட்டு வாங்க மாப்பிள்ளை என்றார். அவர் காதில் விழுந்தது எட்டு கிராம் தங்கம்.

சிரிப்பதெல்லாம் சரி, இப்போது சொல்லப் போவது சிரிப்பில்லை, உங்களுக்கு ஒரு வயதுக் குழந்தை என்பதால் சொல்கிறேன். 2003 பிப்ரவரி, என் மகளுக்குப் பதினாலு மாதம். இரவு ஒரு மணிக்குக் காய்ச்சல் 103. நம் ஊர்த் தெர்மாமீட்டர்தான், அது இங்கேயும் அதே ஃபாரன்ஹீட், அந்த ஒரு விஷயத்தில் நிம்மதி. டாக்டர் ஆபீஸின் இரவு எண்ணுக்குக் கூப்பிட்டேன், ஒரு நர்ஸம்மா எடுத்தார். காய்ச்சல் எவ்வளவு, 103. எத்தனை மாதம், பதினாலு. எடை எவ்வளவு? பத்து என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, பத்தா என்றார். ஆமாம் பத்து, சரியாகத்தான் சொல்கிறேன், போன வாரம்தான் ஊரிலிருந்து கொண்டுவந்த தராசில் பார்த்தோம். குழந்தை கண் திறக்கிறதா, மூச்சு விடுகிறதா, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று அவர் குரல் மாறிப்போய் அடுக்கடுக்காகக் கேட்க ஆரம்பித்தார், உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள், நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்கிறேன் என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. 103 அவ்வளவு ஆபத்தா என்று நினைக்கிறேன், அவரோ பதினாலு மாதக் குழந்தை பத்துப் பவுண்டு என்று நினைக்கிறார். பத்துப் பவுண்டு என்றால் நாலரைக் கிலோ, பிறந்து ஒன்றரை இரண்டு மாதக் குழந்தையின் எடை. என் மனைவி ஃபோனைப் பிடுங்கி, கிலோ, கிலோ, டென் கிலோ என்று கத்தினாள். அந்தம்மா மூச்சு விட்ட சத்தம் எனக்கு ஒரு அடி தள்ளிக் கேட்டது. இருபத்திரண்டு பவுண்டு, கடவுளே, இருபத்திரண்டு என்றார். நான் மட்டும் அன்றைக்கு அலகைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்தப் பத்து நிமிஷம் மூன்று பேர் வாழ்க்கையில் மிச்சமாகியிருக்கும்.

இதில் இன்னொரு வால் உண்டு. மருந்து அட்டையில் அப்போது டீஸ்பூன் கணக்கு போட்டிருந்தது. வீட்டில் ஸ்பூன் என்றால் பாயசம் குடிக்கிற எவர்சில்வர் கரண்டி. டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி, சுருக்கெழுத்தில் இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம், மாறிப் போனால் மூன்று மடங்கு மருந்து. இந்த வம்பே வேண்டாம், குழந்தை மருந்தை மில்லிலிட்டரில் மட்டும் எழுதுங்கள் என்று 2015ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே சொல்லிவிட்டது. மருந்துக்கடையில் கேட்டால் மில்லி கோடு போட்ட வாய் சிரிஞ்சு கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள். டாக்டர் ஆபீஸில் எடை பார்த்தால் கிலோவில் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஃபோனில் சொல்லும்போது எண்ணோடு சேர்த்துக் கிலோ என்று சொல்லுங்கள், இரண்டு தடவை. மெட்ரிக் பெரிதா பவுண்டு பெரிதா என்ற பட்டிமன்றம் எனக்கு அன்றோடு முடிந்துவிட்டது.

நான் மட்டும்தான் இப்படி முட்டாள் என்று இல்லை. 1999 செப்டம்பர் 23, நான் வந்த அதே வருஷம், நாசாவின் செவ்வாய் விண்கலம் ஒன்று காணாமல் போனது. ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டில் கொடுத்தது, வாங்கின மென்பொருள் அதை மெட்ரிக் அலகான நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் நாலரை மடங்கு வித்தியாசம். கலம் செவ்வாயை ரொம்பத் தாழ்வாக நெருங்கிப் போனது, போனதுதான். 12.5 கோடி டாலர் கலம். எங்கள் ஆபீஸில் அந்தச் செய்தியை வெட்டி டிராயிங் பலகையில் ஒட்டி வைத்திருந்தார்கள், கீழே ஒருவர் பேனாவால் ‘அலகு எங்கே?’ என்று எழுதியிருந்தார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கொடுத்தவருக்கு எண் சரி, வாங்கியவருக்கும் எண் சரி.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடாவில் நடந்தது இன்னும் சுவாரசியம். 1983 ஜூலை 23, மான்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டன் போகும் ஏர் கனடா 767. புது விமானம், கனடா அப்போதுதான் மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது, அந்த விமானத்துக்கு எரிபொருளைக் கிலோவில் கணக்கிட வேண்டும். எரிபொருள் மானி வேலை செய்யவில்லை, தொட்டியில் குச்சி விட்டு லிட்டரில் அளந்து எடையாக மாற்றினார்கள். லிட்டருக்கு 0.8 கிலோ என்று போட வேண்டிய இடத்தில் பழைய பழக்கத்தில் 1.77 என்று போட்டுவிட்டார்கள், அது லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்ற எண். வேண்டியது 22,300 கிலோ, இருந்தது கிட்டத்தட்ட 22,300 பவுண்டு. பாதிக்கும் குறைவு. 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்து ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு எஞ்சினும் நின்றன. கேப்டன் பாப் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர், அவ்வளவு பெரிய விமானத்தைக் கிளைடர் போலவே மிதக்க விட்டுக் கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். அங்கே ஓடுபாதையில் கார்ப் பந்தயக்காரர்கள் குடும்பத்தோடு கூடியிருந்தார்கள். 69 பேர், ஒருவரும் சாகவில்லை. மெட்ரிக்கை எதிர்த்தவர்கள் அன்றைக்கு, பார்த்தீர்களா மெட்ரிக்கின் லட்சணத்தை என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாதி மாறி பாதி மாறாமல் இருந்ததுதான் அங்கே குற்றவாளி.

சரி, மெட்ரிக்கைப் பற்றி என் கருத்து என்ன என்று கேட்டால், பெரிதிலிருந்து சிறிதுக்கும் சிறிதிலிருந்து பெரிதுக்கும் போவதில் அதை அடிக்க ஆள் இல்லை. பத்து சென்டிமீட்டர் நீள அகல உயரத்தில் ஒரு பெட்டி செய்தால் அதில் ஒரு லிட்டர் தண்ணீர், அந்தத் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு தொட்டியைப் பார்த்தால் எத்தனை டன் என்று நடந்துகொண்டே சொல்லலாம். இங்கே ஒரு கன அடித் தண்ணீர் எத்தனை கேலன், எத்தனை பவுண்டு என்று கேட்டுப் பாருங்கள், 7.48, 62.4 என்று மனப்பாடம் செய்தவன் மட்டும்தான் சொல்வான். கேலனிலும் இரண்டு கேலன், அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546. பெயர் ஒன்று, அளவு வேறு, இதற்கு மேல் என்ன வேண்டும் சண்டைக்கு. காகிதத்தைச் சொல்ல மறந்தேன். நம் ஏ4 தாள் இங்கே கிடையாது, இவர்கள் தாள் கொஞ்சம் அகலம், 18 மில்லிமீட்டர் உயரம் குறைவு. நான் லேமினேஷன் செய்து கொண்டுவந்த சான்றிதழ்கள் எல்லாம் இருபத்தைந்து வருஷமாக ஃபைலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு மடங்கிக் கிடக்கின்றன.

ஆனால் பத்துக்கு ஒரு குறை உண்டு, அதை இரண்டாலும் ஐந்தாலும்தான் முழுசாக வகுக்கலாம். அடி 12 இஞ்ச், பாதி, மூன்றில் ஒன்று, கால், ஆறில் ஒன்று, எதைக் கேட்டாலும் முழு எண். இங்கே வீடுகள் மரச் சட்டத்தில் நிற்பவை. சட்டங்களை 16 இஞ்சுக்கு ஒன்றாகவோ 24 இஞ்சுக்கு ஒன்றாகவோ நிறுத்துவார்கள், மேலே அடிக்கும் பலகை 8 அடி, அதாவது 96 இஞ்ச், ஆறு பதினாறு அல்லது நாலு இருபத்துநாலு. எப்படி வைத்தாலும் பலகை முனை சட்டத்தின் மேல் போய் உட்காரும். என் வீட்டு நிலவறையில் நானே சுவர் எழுப்பியபோதுதான் அந்த அழகு புரிந்தது. (அடுத்த நிமிஷமே கோபமும் வந்தது, இரண்டுக்கு நாலு என்று விற்கிற சட்டம் நிஜத்தில் ஒன்றரைக்கு மூன்றரை இஞ்ச்.) மெட்ரிக் நாடுகளும் இதைத் தெரிந்துதான் பலகையை 1200க்கு 2400 மில்லிமீட்டர் என்று வைத்தன, 1000க்கு 2000 என்று வைக்கவில்லை. அப்புறம் சென்டிமீட்டருக்கும் மீட்டருக்கும் நடுவே கைக்கு அடக்கமாக ஓர் அளவு மெட்ரிக்கில் இல்லை. டெசிமீட்டர் என்று ஒன்று பாடப் புத்தகத்தில் இருக்கும், பள்ளிக்கூடத்துக்கு வெளியே அதை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு தப்பு, அதுவும் மெட்ரிக்கின் சொந்தச் சொத்து.

இங்கே வார இறுதி விருந்துகளில் நம்மவர்கள் கூடினால் மூன்றாவது தோசைக்குள் அமெரிக்கர்கள் முட்டாள்கள் என்ற பேச்சு வந்துவிடும், அறிவியலுக்கு ஒவ்வாத அளவு, லைபீரியாவும் மியான்மரும் இவர்களும்தான் மிச்சம் என்று. நான் கேட்பேன், உன் உயரம் எவ்வளவு? ஐந்தடி ஏழங்குலம். ஊரில் வாங்கிய மனை? ஒன்றரைக் கிரவுண்ட், தோட்டம் நாற்பது சென்ட். தங்கச்சிக்குப் போட்டது? ஐம்பது பவுன். மல்லிகைப் பூ? முழம். வீட்டுத் தரையில் இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் என்கிறாயே, அது 600 மில்லிமீட்டர், இரண்டு அடிக்கு ஒன்பதரை மில்லி குறைச்சல், யாராவது கேட்டீர்களா? இவர்கள் பேசும் மெட்ரிக், காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும். இன்னொரு ரகம் இதைவிட மோசம், வந்து ஆறு மாதம் ஆகியிருக்காது, ஃபோனில் பெற்ற அம்மாவிடம், கிலோவில் சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் புரியவே மாட்டேங்குதும்மா என்பார்கள்.

நம் நாடு மாறியதும் ஒரே நாளில் இல்லை. 1956ல் சட்டம், 1957 ஏப்ரல் 1ல் நயா பைசா, அதற்குப் பிறகு கிலோவும் மீட்டரும் படிப்படியாக வந்தன. என் பாட்டி கடைசி வரை வீசை, பலம் என்றுதான் புளி வாங்கினாள். கடைக்காரர் மனசுக்குள் கிலோவாக்கிக் கொடுப்பார். எட்டணா என்ற சொல் அணா செத்துப் பல வருஷம் கழித்தும் உயிரோடு இருந்ததே.

இவர்களுக்கு என்ன கேடு என்றால், பெரிய கேடு ஒன்றுமில்லை, சோம்பல்தான். மீட்டர் உடன்படிக்கையில் 1875லேயே கையெழுத்துப் போட்ட 17 நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. 1975ல் மாற்றத்துக்குச் சட்டம் போட்டார்கள், ஆனால் கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தால் மாறலாம் என்றார்கள். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், விருப்பம் இருந்தால் ஹெல்மெட் போடலாம் என்றால் நம் ஊரில் எத்தனை பேர் போடுவார்கள்? அதற்கென்று வைத்த வாரியத்தை 1982ல் ரீகன் மூடிவிட்டார். வேடிக்கை என்னவென்றால் உள்ளுக்குள் எல்லாம் மெட்ரிக்தான். 1959லிருந்து ஓர் இஞ்ச் என்பதற்கு விளக்கமே 25.4 மில்லிமீட்டர். கோலா இரண்டு லிட்டர், பக்கத்து அலமாரியில் பால் கேலன். ஒயின் 750 மில்லி, பீர் அவுன்ஸ். நீங்கள் சேரப் போகும் தொழிலில் டிராயிங் முழுக்க மில்லிமீட்டர், ஆனால் பட்டறைக்குள் போனால் பழைய ஆட்கள் இஞ்சில் ஆயிரத்தில் ஒன்றைத் தௌ என்பார்கள், இரண்டு தௌ எடு என்பார்கள். அது 50 மைக்ரான். முகத்தைச் சுளிக்காதீர்கள், அவர்கள் கை உங்கள் கணினியைவிடச் சுத்தம்.

கனடாவுக்கு ஓட்டிக்கொண்டு போவீர்கள், எல்லாரும் போவோம், டொராண்டோவின் ஸ்கார்பரோ கடைகளுக்கு. பாலம் தாண்டிப் போனால் நெடுஞ்சாலைப் பலகையில் 100 என்று இருக்கும் இடங்கள் வரும், அது கிலோமீட்டர், முள்ளை 100ல் வைத்துப் போலீஸிடம் மாட்டியவர்கள் கதை ஊருக்கு இரண்டு உண்டு. 1977லேயே சாலைப் பலகைகளை மாற்றிவிட்ட நாடு அது, ஆனால் அங்கேயும் காய்கறி விலையைப் பவுண்டில் பெரிதாகவும் கிலோவில் பொடியாகவும் எழுதுவார்கள். முதல் தடவை போனபோது எனக்கு முன்னால் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா மீன்கடையில், தம்பி இரண்டு றாத்தல் தாங்கோ என்றார். றாத்தல் என்றால் பவுண்டு. அந்தச் சொல்லை என் பாட்டி வாயில் கடைசியாகக் கேட்டது. இறால் வாங்க வந்தவன் அதை மறந்து நின்றேன்.

அப்பா 2008 கோடையில் வந்து நான்கு மாதம் இருந்தார். அந்த 13 ஸ்பேனர் கதையைச் சொன்னபோது சிரிக்கவில்லை, என்னைக் கேட்காமல் ஏன் கையை வைத்தாய் என்பது போலப் பார்த்தார். தோட்டக் கதவின் கீல் ஆடுகிறது என்று அவரை ஹார்டுவேர் கடைக்குக் கூட்டிப் போனேன். உள்ளே போனதும் ஓர் அளவு டேப்பை எடுத்து இழுத்தார், ஒரு பக்கம்கூட சென்டிமீட்டர் இல்லை, எல்லாம் இஞ்ச், ஓர் இஞ்சுக்குப் பதினாறு கோடு. நகத்தால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக்கொண்டு போனார். அரை நூல், ஒரு நூல், ஒன்றரை, இரண்டு. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, நம் ஆசாரிகளும் பட்டறைக்காரர்களும் இஞ்சை எட்டாகப் பிரித்து ஒரு பங்கை நூல் என்பார்கள், கம்பி கட்டுகிறவர் இன்றைக்கும் மூன்று நூல் கம்பி, நாலு நூல் கம்பி என்றுதான் கேட்பார். அப்பா போல்ட் வைத்திருக்கும் இழுப்பறைகளிடம் போய் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, மூணு நூல் என்றார். கடைக்காரர் எட்டிப் பார்த்து த்ரீ எய்ட்த்ஸ் என்றார். அப்பா இன்னொன்றை எடுத்தார், அஞ்சு நூல். ஃபைவ் எய்ட்த்ஸ். அடுத்து ஒன்றை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே பார்த்து, இது நூல் இல்லை, மில்லி போல்ட், இங்கே ஏன் கிடக்கிறது என்றார். கடைக்காரர் வாங்கிப் பார்த்தார், 10 மில்லிமீட்டர், யாரோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அப்பா தினமும் சாயங்காலம் அங்கே நடந்து போக ஆரம்பித்தார், என்னைக் கூப்பிடவில்லை.

நீங்கள் கேட்ட மற்றதெல்லாம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். குக்கர் கொண்டு வாருங்கள், 5 லிட்டர், அடி தட்டையாக இருப்பது, கூட இரண்டு காஸ்கெட். மிக்ஸி வேண்டாம், வோல்ட் இரண்டு நாட்டிலும் வோல்ட்தான், ஆனால் இங்கே 120, சுற்றாமல் முனகும். தெர்மாமீட்டர் கட்டாயம். ஸ்பேனர் வேண்டவே வேண்டாம், என்னிடம் இரண்டு செட்டும் இருக்கிறது.